பதினாலாவது பாடம்

உட்காருங்க தம்பி, நீங்க பாட்டுக்கு அம்மா கால்மாட்டுல உட்காருங்க. நான் எதிர்ல ஜன்னலோரமா இருந்துக்கிறேன். திருச்சியில ரயில் ஏறினதுலேருந்து பாத்துட்டே வரேன், கேக்கலாமா வேண்டாமான்னு இருந்துச்சு. மதுரையும் தாண்டியாச்சு. வாதமா? எந்தப் பக்கம்? வலது பக்கம்னா பேச்சும் போயிருக்குமே. ம். என் வீட்லயும் அப்படித்தான். வலது கை, வலது கால், பேச்சு. இப்ப இல்ல. போன டிசம்பர்ல தவறிட்டாங்க.

இல்ல இல்ல, நீங்க சங்கடப்படாதீங்க. உங்கம்மாவுக்கு முகத்துல தெளிவு இருக்கு. கோவில்பட்டி வரைக்குமா? நான் திருநெல்வேலி. அங்க ஒரு காலேஜ்ல நாளைக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருக்காங்க. 'இணையவழிப் பாடத்தைக் குறித்த காலத்தில் முடிப்பது எப்படி?' தலைப்பு நான் வச்சதில்ல, அவங்க வச்சது. ஆனா சரியான ஆளைத்தான் கூப்பிட்டிருக்காங்க, அதைச் சொல்லணும். நாப்பது பாடம், எட்டு மாசம். டிசம்பர் பதினஞ்சு கடைசி நாள்னு ஏப்ரல்லயே எழுதினேன். டிசம்பர் பதினஞ்சு காலையில பதினோரு மணிக்கு நாப்பதாவது பாடத்தை ஏத்தியாச்சு. இந்த வேலையில அப்படி நடக்காது தம்பி. ஆறு மாசம்னு ஆரம்பிப்பாங்க, ரெண்டு வருஷம் இழுக்கும்.

என்ன கோர்ஸ்னு சொன்னா நீங்க என்ன நினைப்பீங்களோ. 'வீட்டில் நோயாளி பராமரிப்பு.' படுக்கையில இருக்கறவங்களை வீட்டுல வச்சு எப்படிப் பாத்துக்கறதுன்னு. தமிழ்ல, செல்போன்லயே பாக்குற மாதிரி. ஒரு அறக்கட்டளை செய்யச் சொன்னாங்க, நான் அதுக்கு ஒருங்கிணைப்பாளர். ஒவ்வொரு வீடியோ முடிவுலயும் 'ஒருங்கிணைப்பு: அழகேசன்'னு வரும்.

நான் நர்ஸ் இல்ல, டாக்டரும் இல்ல. பாலிடெக்னிக்ல வாத்தியாரா இருந்து வெளிய வந்தவன். பாடம் சொல்ற ஆள் ஒருத்தர், படம் பிடிக்கிறவர் ஒருத்தர், வெட்டி ஒட்டுறவர் ஒருத்தர், கீழ எழுத்துப் போடுறவர் ஒருத்தர். இவங்க எல்லாரையும் ஒரே தேதிக்குள்ள கட்டி இழுக்கணும், அதான் என் வேலை. எக்செல்ல ஒரு பெரிய கட்டம். பச்சைன்னா முடிஞ்சது, மஞ்சள்னா நடக்குது, சிவப்புன்னா தாமதம். என் கட்டத்துல சிவப்பு மூணு நாளைக்கு மேல நின்னதில்ல. நாளைக்கு அதைத்தான் முதல்ல காட்டப்போறேன்.

பாடம் சொன்னது ஜெசிந்தா சிஸ்டர். நாகர்கோவில்காரங்க. நர்ஸிங் காலேஜ்ல முப்பத்திரண்டு வருஷம் சொல்லிக் குடுத்தவங்க. கெட்டிக்காரங்க, அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா நேரம்னா என்னன்னே தெரியாது. ஒரு பாடம் எட்டு நிமிஷம்னு நான் கணக்குப் போட்டிருந்தேன். எட்டுக்கு மேல போனா பாக்குறவன் தள்ளிவிட்டுப் போயிடுவான், அதெல்லாம் ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. சிஸ்டர் பதினாலு நிமிஷம் பேசுவாங்க. சொன்னதையே மூணு தடவை சொல்வாங்க. முதல்ல சொல்வாங்க, செஞ்சு காட்டிக்கிட்டே சொல்வாங்க, முடிச்சிட்டு இன்னொரு தடவை சொல்வாங்க. நான் ரெண்டை வெட்டிடுவேன். ஒரு நாள் பொறுக்காம கேட்டுட்டாங்க. நானும் விடல. ஒரு தடவை சொன்னா போதும் சிஸ்டர், வேணும்னா அவங்களே பின்னால தள்ளிப் பாத்துக்குவாங்கன்னேன்.

"வீட்ல ஆளைப் படுக்கப் போட்டிருக்கவங்களுக்குக் காது கேக்காது சார்," அப்படின்னாங்க. "அவங்க பாத்துட்டுதான் இருப்பாங்க. உள்ள போகாது. மூணாவது தடவைதான் போகும்."

அனுபவம் பேசுதுன்னு நினைச்சேன். ஆனா எட்டு நிமிஷம்னா எட்டு நிமிஷம். வெட்டினேன்.

அதே மாதிரி, பொம்மை வேண்டாம், நிஜ ஆளைப் படுக்க வைங்கன்னாங்க. பொம்மை வலிக்குதுன்னு முகம் சுளிக்காதுன்னு ஒரு காரணம். நிஜ ஆளுன்னா அவருக்குக் கால் மரத்துப்போகும், டீ கேப்பாரு, ஒரு நாளைக்கு ரெண்டு பாடம்தான் எடுக்கலாம். பொம்மைன்னா அஞ்சு. நான் பொம்மையை வச்சேன். ஏப்ரல்ல, மே மாசத்துல எல்லாம் கட்டம் பச்சையா ஓடிச்சு.

டீ சாப்பிடுறீங்களா? வேண்டாமா. சரி.

திட்டம் போடும்போது இடையூறுன்னு ஒரு பக்கம் எழுதணும் தம்பி. என்னென்ன தடங்கல் வரலாம், வந்தா என்ன செய்யறதுன்னு. நான் பதினேழு எழுதியிருந்தேன். கரண்ட் போறது, மழை, சிஸ்டருக்குத் தொண்டை கட்டுறது, பொம்மை கிடைக்காம போறதுகூட எழுதியிருந்தேன். தமயந்திக்கு வரும்னு எழுதல. என் வீட்டம்மா பேர் தமயந்தி. ஆகஸ்ட் மாசம், வெள்ளிக்கிழமை, விளக்குக்கு எண்ணெய் ஊத்திட்டிருந்தவ அப்படியே சரிஞ்சா. எண்ணெய்க் கிண்ணம் உருண்டு வந்து என் காலடியில நின்னுச்சு. நான் அப்ப போன்ல படம் பிடிக்கிறவர்கிட்ட பேசிட்டிருந்தேன். வச்சுட்டு ஓடினேன், அதுல தாமதம் பண்ணல. அரை மணி நேரத்துல ஆஸ்பத்திரி. டாக்டரே பாராட்டினார்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரி. அங்க வராந்தாவுல உட்கார்ந்துதான் கட்டத்தை மாத்தி எழுதினேன். ஒன்பது நாள் தள்ளிப் போச்சு. அதையும் அக்டோபர் முடியறதுக்குள்ள பிடிச்சிட்டேன். எப்படிப் பிடிச்சீங்கன்னு நாளைக்குக் கேப்பாங்க. சொல்றதா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணல.

எப்படின்னா, ஆபீஸ் போறதை நிறுத்திட்டேன். கட்டில் பக்கத்துலயே மேஜையைப் போட்டேன். காலையில செல்லத்தாயின்னு ஒரு அம்மா வருவாங்க. குளிப்பாட்டி, துணி மாத்தி, கஞ்சி குடுத்துட்டு ஒரு மணிக்குக் கிளம்பிடுவாங்க. அதுக்கப்புறம் நானும் அவளும். ஒரே பொண்ணு, கனடாவுல, நிறைமாசம். வர முடியாது. நான் காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஒவ்வொரு பாடமா சரிபாப்பேன். அவ ரெண்டடி தள்ளிப் படுத்திருப்பா. எல்லாரும் சொன்னாங்க, அழகேசன் கூடவே இருந்து பாத்துக்கிட்டான்னு. இருந்தேன் தம்பி. நாலு மாசம் அந்த ரூமைவிட்டு நகரல.

பேச்சுன்னா அவளுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சிச்சு. 'வா.' முப்பத்தோரு வருஷம் 'ஏங்க'ன்னுதான் கூப்பிட்டா. என் பேரைச் சொன்னதில்ல, ஒருமையில பேசினதில்ல. படுத்தப்புறம் 'வா'. முதல் தடவை கேட்டப்போ எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, அவளும் பாதி வாயால சிரிச்சா. ஹெட்போன் மாட்டியிருந்தா எனக்குக் கேக்காது, உதடு அசையறது மட்டும் தெரியும். வா, வா. நான் அஞ்சு நிமிஷம்னு கையைக் காட்டுவேன். ஓடுற பாடத்தைப் பாதியில நிறுத்தினா குறிப்பெல்லாம் திரும்ப எழுதணும். முடிச்சிட்டுத்தான் எந்திரிப்பேன். தண்ணி குடுப்பேன். வாயை மூடிக்குவா. டிவி போடுவேன். முகத்தைத் திருப்பிக்குவா. ஃபேனைக் குறைப்பேன், கூட்டுவேன். என்னதான் வேணும் தமயந்தின்னு கேப்பேன். கண்ணால கீழ காட்டுவா, இடுப்புப் பக்கம். பாத்ரூம்னு நினைச்சுத் துணியைத் தொட்டுப் பாப்பேன், காஞ்சிருக்கும். சும்மா அடம் பிடிக்கிறான்னு நினைச்சுக்குவேன். நோயாளிங்க பிடிவாதத்தை எப்படிச் சமாளிக்கறதுன்னு முப்பத்திரண்டாவது பாடம் இருக்கு, அது அப்ப இன்னும் எடிட்டிங் ஆகல.

செல்லத்தாயி ஒரு நாள் கிளம்பும்போது வாசல்ல நின்னு சொன்னாங்க. அம்மாவுக்கு நடு இடுப்புக்குக் கீழ தோல் செவந்திருக்கு, மத்தியானத்துல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் போடுங்க, ராத்திரியும் பாருங்கன்னு. எனக்குக் கோபம் வந்துடுச்சு. வேலை நெருக்கடி, அன்னிக்கு ரெண்டு பாடம் மஞ்சள்ல நின்னுச்சு. "எனக்கேவா பாடம் சொல்றீங்க? நான் ஊருக்கே இதைச் சொல்லித் தரேன், தெரியுமா உங்களுக்கு?" அப்படின்னு கேட்டேன். அவங்க செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.

பாடம் பதினாலு அதுதான் தம்பி. 'புரட்டிப் படுக்க வைத்தல்.' ஏழு நிமிஷம் நாப்பது செகண்டு. நாப்பது பாடத்துலயும் என்னை ரொம்பப் படுத்தினது அதான். முதல் தடவை பாத்தா கட்டில் சக்கரம் கிறீச்சுன்னு சத்தம். திருப்பி அனுப்பினேன். சத்தம் இல்லாம வந்துச்சு, ஆனா பொம்மை மேல விளக்கு வெளிச்சம் பளபளன்னு அடிக்குது. அனுப்பினேன். அப்புறம் எழுத்து ஒரு செகண்டு பிந்தி வருது. அப்புறம் அறக்கட்டளை முத்திரை ஓரத்துல சிஸ்டர் கையை மறைக்குது. இப்படியே பதினோரு தடவை. பதினோரு தடவை முழுசா உட்கார்ந்து பாத்தேன், அவ கட்டில் பக்கத்துல இருந்து. எந்த நிமிஷத்துல எந்த எழுத்து வரும்னு இப்பக்கூடச் சொல்லுவேன். அந்தப் பாடத்துல ஒரு குறையும் கிடையாது.

என் சரிபார்ப்புப் பட்டியல்ல ஒன்பது இருக்கும். சத்தம், வெளிச்சம், நீளம், எழுத்து, முத்திரை, இப்படி. என்ன சொல்றாங்கங்கறது சிஸ்டர் பொறுப்பு. அதுக்கு அவங்க கையெழுத்து. நான் அதுல தலையிடக் கூடாது, அது ஒழுங்கு. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வேலையைச் செஞ்சாதான் நாள் தவறாம முடியும்.

நவம்பர்ல ரூம்ல ஒரு வாடை. பினாயில் மாத்திப் பாத்தேன். ஊதுபத்தி ஏத்தினேன். செவந்த இடத்துல தேங்காயெண்ணெய் தடவி நல்லா அழுத்தித் தேய்ச்சேன், நாலு நாள் செஞ்சேன். ரத்தம் ஓடட்டும்னு ஆசையாத்தான் தேய்ச்சேன் தம்பி. அவ என் சட்டையைப் பிடிச்சுக்குவா, இடது கையால. தேய்க்கவே கூடாதாம். அதுவும் பதினாலாவது பாடத்துல இருக்கு, அஞ்சாவது நிமிஷம். அந்த நிமிஷத்துலதான் எழுத்து பிந்தி வந்துச்சு. 'சிவந்திருந்தால் தேய்க்காதீர்கள்'ங்கற எழுத்தை நானே ஒரு செகண்டு முன்னால இழுத்து வைக்கச் சொன்னேன்.

டிசம்பர் பத்தாம் தேதி காய்ச்சல். பன்னெண்டாம் தேதி ஆஸ்பத்திரி. புண் எலும்பு வரைக்கும் போயிருக்கு, ரத்தத்துல கிருமி கலந்துடுச்சுன்னாங்க. எத்தனை நாளா இருக்குன்னு அந்த டாக்டர் பொண்ணு கேட்டுச்சு. எனக்குத் தெரியல. எத்தனை நாள், எத்தனை மணின்னு எல்லாத்தையும் எழுதி வைக்கிற ஆளு நான். அதை எழுதி வைக்கல.

பதினஞ்சாம் தேதி காலையில ஐசியூ வாசல்ல உட்கார்ந்து கடைசிப் பாடத்தை ஏத்தினேன். கட்டம் முழுக்கப் பச்சை. யாருக்காவது காட்டணும்போல இருந்துச்சு. எப்பவும் அவகிட்டதான் காட்டுவேன். பாலிடெக்னிக் காலத்துலேருந்தே, ரிசல்ட் வந்தா வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டுவேன், அவ ஒண்ணும் புரியாமலே எல்லாத்தையும் படிச்சிட்டு, நல்லா இருக்குங்கன்னு சொல்லுவா. பதினெட்டாம் தேதி போயிட்டா.

இருங்க, தண்ணி குடிச்சுக்கிறேன்.

சிஸ்டர் துக்கம் கேக்க வந்தாங்க. அவங்க வந்த நேரத்துல குளிப்பாட்டி முடிச்சிருந்தாங்க. குளிப்பாட்டின பொம்பளைங்க புண்ணைப் பாத்திருக்காங்க, பாத்தவங்க சும்மா இருப்பாங்களா, சிஸ்டர் காதுலயும் விழுந்திருக்கு. நேரா என்கிட்ட வந்தாங்க. நான் வாசல்ல நாற்காலியில உட்கார்ந்திருந்தேன். சுத்தி ஆளுங்க. குனிஞ்சு மெதுவாத்தான் கேட்டாங்க.

"சார், பதினாலாவது பாடம் நீங்க பாக்கலையா?"

"பாத்தேன் சிஸ்டர். பதினோரு தடவை," அப்படின்னேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பாத்தாங்க. அப்புறம் என் தோள்ல கையை வச்சுட்டு எடுத்துட்டாங்க. போயிட்டாங்க. அதுக்கப்புறம் என்கிட்ட பேசறதில்ல. ரெண்டாவது கோர்ஸுக்குக் கூப்பிட்டோம், உடம்பு முடியலன்னுட்டாங்க. எனக்கு அந்த மனத்தாங்கல் இருக்கு தம்பி, மறைக்க மாட்டேன். சாவு வீட்டு வாசல்ல வச்சு ஒரு மனுஷன்கிட்ட கேக்கற கேள்வியா அது? அவங்க பெரியவங்க, நிறையப் பாத்தவங்க. அந்தக் கேள்வியை அவங்க கேட்டிருக்கக் கூடாது. மத்த யார் கேட்டிருந்தாலும் இந்தப் பதிலைத்தான் சொல்லியிருப்பேன். ஆனா அவங்க பாத்த பார்வையை வேற யாரும் பாத்திருக்க மாட்டாங்க.

இப்ப மூவாயிரத்துச் சொச்சம் பேர் அந்தக் கோர்ஸைப் படிக்கிறாங்க. கீழ கருத்து எழுதுவாங்க. ஒரு நாளைக்குள்ள பதில் போடணும்னு நானே திட்டத்துல எழுதியிருக்கேன், நான்தான் போடறேன். பிப்ரவரி மாசம் தர்மபுரியிலேருந்து ஒரு பொண்ணு எழுதியிருந்துச்சு. புருஷனுக்கு முதுகுத்தண்டுல அடியாம், ஏழு மாசமா படுக்கையாம். பதினாலாவது பாடம் பாத்து ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பினேன் சார், புண் காஞ்சிடுச்சு, நீங்க நல்லா இருக்கணும்னு எழுதியிருந்துச்சு. நீங்கன்னா நான்தான். என் பேர்தானே அங்க இருக்கு. காலையில பாத்தேன், சாயங்காலம் வரைக்கும் பதில் போட முடியல. கடைசியில 'மகிழ்ச்சி'ன்னு போட்டேன். ஒரு வார்த்தை. அன்னிக்குத்தான் அழுதேன். அதுவரைக்கும் எனக்கு அழுகை வரல. சாமி படத்துக்கு முன்னால இல்ல, அவ படத்துக்கு முன்னால இல்ல, லேப்டாப் முன்னால உட்கார்ந்து அழுதேன்.

அன்னிக்கே, சரி, இந்தப் பாடத்தை ஒரு தடவை பாடமா பாப்போம்னு போட்டேன். கையில பட்டியல் இல்லாம. 'வணக்கம், இன்னிக்கு நம்ம வீட்டுல படுத்திருக்கவங்களைப் பத்திப் பேசலாம்'னு சிஸ்டர் ஆரம்பிப்பாங்க. நம்ம வீட்டுலன்னு சொல்வாங்க, பதினோரு தடவை எனக்கு அது காதுல விழல. மூணாவது நிமிஷத்துல, 'அவங்களால சொல்ல முடியாம இருக்கலாம், கண்ணால காட்டுவாங்க, கவனிங்க'ன்னு வருது. அதுக்கு மேல என்னால பாக்க முடியல. அப்படியே மூடிட்டேன். எப்படிப் பிடிச்சுத் திருப்பணும்னு செஞ்சு காட்டறது நாலாவது நிமிஷம்.

அதுக்கப்புறம் திறக்கல. நாளைக்கு அங்க பன்னெண்டு படம் போட்டுக் காட்டப்போறேன். கட்டம், தேதி, பச்சை, மஞ்சள். கேள்வி நேரம்னு கால் மணி நேரம் வச்சிருக்காங்க. யாராவது ஏதாவது கேப்பாங்க. பதில் சொல்லிடுவேன். எனக்கு அது பழக்கம்தான்.

என்ன தம்பி எந்திரிச்சிட்டீங்க? விருதுநகர் போயிடுச்சா? ஓ, அம்மாவைத் திருப்பணுமா. ஆமா, திண்டுக்கல் தாண்டி ஒரு தடவை திருப்பினீங்க, பாத்தேன். பேப்பருக்குப் பின்னால மூஞ்சியை வச்சுக்கிட்டேன், உதவிக்கு வரல. தப்பா நினைச்சுக்காதீங்க.

ஓடுற வண்டியில தனியா எப்படிச் செய்வீங்க? இருங்க, நானும் பிடிக்கிறேன். அம்மா, நான் வெளியாளுதான், கொஞ்சம் பொறுத்துக்குங்க. இந்தப் பக்கமா வரட்டுமா?

சொல்லுங்க தம்பி. தோள்லயா, இடுப்புலயா? எனக்குத் தெரியாது. நான் எங்க கை வைக்கணும்?